இரவல் அபிப்பிராயங்கள்

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தமிழ்ப் பட முதலாளிகளுக்கு ஒரு பெரிய பயம் வந்தது. வருமான வரிக்காரர்களைக் கண்டோ, வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களைக் கண்டோ வந்த பயமல்ல. இருபது வயதுப் பையன்களைக் கண்டு வந்த பயம். "கங்குவா" வெளியான முதல் நாளே, கொட்டகையை விட்டு வெளியே வந்த பையன்கள் யூடியூப்காரர்கள் நீட்டிய மைக்கில் இரண்டிரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு வார்த்தையில்தான் படம் படுத்துவிட்டது என்று முதலாளிகள் முடிவு கட்டினார்கள். இனிமேல் தியேட்டர் வளாகத்துக்குள் மைக் பிடிப்பவர்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம் தயாரிப்பாளர்களின் மற்றொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போய், படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று தடை கேட்டது. அப்படித் தடை போட நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மறுத்தது நியாயம்தான். காசு கொடுத்துச் சாப்பிட்டவன் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சொல்ல மூன்று நாள் காத்திருக்க வேண்டும் என்றால் எந்த ஓட்டலிலும் சாம்பார் திருந்தாது. ஆனால் முதலாளிகளின் பயத்தைப் பற்றி எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. அந்தப் பையன்கள் கொட்டகை வாசலில் சொல்வது அவர்களுடைய அபிப்பிராயம்தானா? மூன்று நாளில் சொல்வதைக் கேட்டு நடுங்குகிறார்களே, மூன்று வாரம் கழித்து அதே பையன் அதே படத்தைப் பற்றி என்ன சொல்கிறான் என்று எப்போதாவது கேட்டிருக்கிறார்களா?

அந்தக் காலத்தில் கல்கி அவர்கள் "கர்நாடகம்" என்ற பெயரில் ஆனந்த விகடனில் "ஆடல் பாடல்" பகுதியை எழுதினார். அவர் சொன்னதற்கும் கோபித்துக்கொண்ட படக்காரர்களும் சங்கீத வித்வான்களும் இல்லாமல் இல்லை. ஆனால் அது வாரப் பத்திரிகை. படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் வெற்றிலை போடும்போது மறுபடியும் நினைத்துப் பார்த்து எழுத அவகாசம் இருந்தது. இன்று அந்த அவகாசம் இல்லை. வாசலைத் தாண்டும் முன் அபிப்பிராயம் தயாராக வேண்டும். சொல்லப் போனால் உள்ளே நுழையும் முன்பே தயாராகிவிடுகிறது. இடைவேளையில் டெலிபோனை எடுத்துப் பார்த்து, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு பையன் பின்பாதியைப் பார்க்கிறான்.

இதற்கென்று ஒரு சிறிய அகராதியே இருக்கிறது. "லாக்" என்றால் படம் நகரவில்லை. "கிரிஞ்ச்" என்றால் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. "கனெக்ட் ஆகல" என்றால் மனசில் ஒட்டவில்லை. "கூஸ்பம்ப்ஸ்" என்பது மயிர்க்கூச்செறிதல். முன்பெல்லாம் கம்பராமாயணப் பிரசங்கத்தில்தான் காதில் விழும் சங்கதி, இப்போது கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றினாலே வந்துவிடுகிறது. இந்தச் சொற்களையெல்லாம் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒன்றாவது படத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? பார்த்தவனுடைய தோலுக்கும் கொட்டாவிக்கும் என்ன நேர்ந்தது என்றுதான் சொல்கிறது. திரையில் என்ன நடந்தது, அது ஏன் நடந்தது, அப்படி நடக்குமா என்பதற்கு அந்த அகராதியில் வார்த்தையே கிடையாது.

இளைஞர்களை மட்டும் குறை சொல்வதாக நேயர்கள் நினைக்க வேண்டாம். "போட்டோகிராபி பிரமாதம், கதைதான் இல்லை" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிய ஒரு தலைமுறையை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். போட்டோகிராபியில் பிரமாதம் எது என்று அவர்களை நிறுத்திக் கேட்டிருந்தால் திண்டாடியிருப்பார்கள். அதுவும் இரவல்தான். பத்திரிகையிலிருந்து வாங்கிய இரவல். இது டெலிபோனிலிருந்து வாங்கியது.

இந்த விஷயத்தில் எனக்கு ஆசிரியன் மாதிரி வாய்த்தவன் எங்கள் கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவன். ஊர் மேடவாக்கம். கீழ்ப்பாக்கத்துப் பக்கம் இருக்கும் மேடவாக்கம் டேங்க் ரோடு அல்ல. பெயரை மட்டும் சொல்லி ஆட்டோவில் ஏறி, ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. நான் சொல்வது வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருப்பது. 2022-இல் திறந்த பெரிய மேம்பாலத்தின் கீழே, மெட்ரோ ரயில் வேலைக்காக வருஷக் கணக்கில் தகரம் அடைத்த ரோட்டின் ஓரத்தில், இன்னமும் கூட்டு ரோடு என்ற பழைய பெயரை விடாமல் வைத்திருக்கும் ஊர். பையன் தாம்பரத்துப் பக்கம் ஒரு எஞ்சினீயரிங் கல்லூரியில் மூன்றாவது வருஷம் படிக்கிறான். என்னை "அங்கிள்" என்று கூப்பிடுவான். மாமா என்றோ சார் என்றோ கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆசை. ஆனால் இந்தப் பிரதேசத்தில் மாடி வீட்டுக்காரன், காய்கறிக் கடைக்காரர், பல் டாக்டர் எல்லோரும் அங்கிள்தான். நான் மட்டும் விதிவிலக்குக் கேட்க முடியாது.

பையன் சினிமாவைப் பற்றிப் பேசினால் மேற்படி அகராதியைத் தாண்டமாட்டான். அதே பையன் தன் பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கையிலிருக்கும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பேன்.

சந்தோஷபுரம், வேங்கைவாசல், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, சேலையூர் என்று தாம்பரம் வரை சுமார் பத்துக் கிலோமீட்டர். இந்தப் பத்துக் கிலோமீட்டரில் எந்த நிறுத்தத்தில் யார் இறங்குவார்கள், யார் பக்கத்தில் போய் நின்றால் உட்கார இடம் கிடைக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். கண்டக்டர் பின்னால் தம் இடத்தில் உட்கார்ந்தபடியே சீட்டுக் கொடுப்பார். காசு கைக்குக் கை மாறிப் பின்னால் போகும், சீட்டு கைக்குக் கை மாறி முன்னால் வரும். "ஆனா சில்லறை மட்டும் நடுவுல யார் கையிலயாவது நின்னுடும் அங்கிள். யார்னு தெரியும். அந்த ஆளும் நமக்குத் தெரியும்னு தெரிஞ்சு வெளியில பார்ப்பாரு. ரெண்டு ரூபாக்கு எப்படிக் கேக்கறது?" என்றான் ஒரு நாள். இந்த இரண்டு ரூபாயை வைத்து நல்ல சிறுகதை ஒன்று எழுதலாம். அதில் வெட்கம் இருக்கிறது, திருட்டு இருக்கிறது, இருவருக்கும் பொதுவான ஒரு மௌனம் இருக்கிறது. இப்படிப் பார்க்கத் தெரிந்த கண்தான் கொட்டகைக்குள் போனதும் "லாக்" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறது. என் வருத்தமெல்லாம் இதைப் பற்றித்தான்.

2025 பிப்ரவரியில் "டிராகன்" வந்தது. அஷ்வத் மாரிமுத்து இயக்கியது. கதாநாயகன் பிரதீப் ரங்கநாதன். நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மாணவனாக இருந்த ஒருவன், நல்ல பையனை எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற ஞானோதயம் பெற்று, எஞ்சினீயரிங் கல்லூரியில் முரடனாகத் திரிகிறான். வெளியே வரும்போது கையில் பட்டமில்லை, 48 அரியர். வேலைக்குப் போவதாகப் பெற்றோரிடம் பொய் சொல்லி நண்பர்கள் தயவில் காலம் தள்ளுகிறான். பிறகு போலிச் சான்றிதழ், மோசடியாக ஒரு பெரிய வேலை, கார், பணக்கார வீட்டுப் பெண். அந்த நேரத்தில் பழைய கல்லூரி முதல்வர் எதிரே வந்து நிற்கிறார். அரியர் அனைத்தையும் எழுதித் தேறினால் தப்பிக்கலாம் என்கிறார். கடைசியில் பையன் உண்மையை ஒப்புக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் இழக்கிறான்.

எங்கள் மாணவன் முதல் நாளே போய்விட்டு வந்தான். "ஃபயர் அங்கிள்!" என்றான். அதோடு விமர்சனம் முடிந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மின்சாரம் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் தானாகவே அந்தப் பேச்சை எடுத்தான்.

"அந்தப் படத்துல நாப்பத்தெட்டு அரியரையும் சட்டுனு க்ளியர் பண்ணிடறான் அங்கிள். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். மேத்ஸ். ரெண்டு வருஷமா போகல."

இந்த ஒரு அரியர் அவன் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை என்பது மகனுக்குத் தெரியும். ஒவ்வொரு செமஸ்டரும் மறுபடி எழுதப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் புத்தகம் என்ற பெயரில் வீட்டிலிருந்து வருகிறது. முடிவு வெளியாகும் நாளில் அவன் வீட்டில் இருக்க மாட்டான். "படத்துல அரியர் வெச்சிருக்கறவன் ஜாலியா இருக்கான். நிஜத்துல ஜாலியா இருக்க முடியாது. ஜாலியா இருக்கற மாதிரி இருக்கணும். அதுதான் கஷ்டம்" என்றான்.

"டிராகன்" படத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களில் பலவற்றை நான் படித்தேன். இந்தப் பையன் மொட்டை மாடியில் சொன்னதற்கு ஈடாக எதையும் காணோம். படத்தின் பலம், பலவீனம் இரண்டையும் அவன் தொட்டுவிட்டான். பலம் எங்கே? பொய்யை வீட்டுக்குள் வைத்ததில். ஜார்ஜ் மரியான் செய்திருக்கும் தகப்பனார், மகனைச் சந்தேகிக்கத் தெரியாத மனிதர். சந்தேகிக்காமல் இருப்பதே மகனுக்குத் தண்டனையாகிறது. அவர் வரும் இடங்களில் கொட்டகையில் செருமல் சத்தம் கேட்டதாகப் பையனே சொன்னான். பலவீனம் எங்கே? வேகத்தில். அரியர் குவிந்ததும் வேகம், போலி வாழ்க்கை மேலே போனதும் வேகம், திருந்திப் படித்ததும் அதே வேகம். குற்றத்துக்கும் பரிகாரத்துக்கும் ஒரே தாளம் போட்டால் பரிகாரத்தின் எடை எப்படித் தெரியும்?

இங்கே ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், இறுதி செமஸ்டர் நீங்கலாக, அரியர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்த மாணவர்கள் தேறியதாகக் கருதப்படுவார்கள் என்று தமிழக அரசு அறிவித்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியைத் தெய்வமாகவே புகழ்ந்து மாணவர்கள் சுவரொட்டி ஒட்டினார்கள். நாடு முழுவதும் சிரித்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஆட்சேபித்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தச் சுவரொட்டியைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். ஆனால் அதன் பின்னால் எத்தனை வீட்டில் எத்தனை "புத்தகப் பணம்" இருந்திருக்கும் என்று இப்போது கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. அந்தச் சுவரொட்டியை வைத்து யாரும் இன்னும் நல்ல படம் எடுக்கவில்லை. எடுத்தால் நகைச்சுவைப் படமாகத்தான் எடுப்பார்கள். அதுவும் சரிதான், கொஞ்சம் அழுகிற நகைச்சுவையாக இருந்தால்.

காலத்தைத் தாண்டுவது கலைஞனுக்கு உள்ள சலுகை. "ஆறு மாதம் கழிந்தது" என்று மூன்று வார்த்தையில் நாவலாசிரியன் தாண்டிவிடுவான். சினிமாக்காரன் ஒரு பாட்டைப் போட்டுத் தாண்டுவான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எந்த ஆறு மாதத்தைத் தாண்டுகிறான், எதில் நின்று மூச்சு விடுகிறான் என்பதைக் கவனித்தால் ஆசாமியின் அந்தரங்கம் தெரிந்துவிடும். நம் படங்களில் மாணவனின் காலம் எப்போதும் காதலுக்காக நிற்கிறது, சண்டைக்காக நிற்கிறது, பஸ்ஸுக்காக நிற்பதில்லை. ஆனால் மேடவாக்கத்து மாணவனின் இளமையில் பெரும்பகுதி பஸ்ஸுக்காக நிற்பதில்தான் போகிறது. தினமும் போக வர இரண்டரை மணி என்று அவன் கணக்குச் சொல்கிறான். கல்லூரி வாழ்க்கை பூராவுக்கும் பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் ஊன்றாதவன் நான். எனக்கே அந்த இரண்டு வருஷத்தில் வகுப்பறையைவிடப் போகிற வழிதான் அதிகம் நினைவில் இருக்கிறது.

1980-இல் வந்த "ஒரு தலை ராகம்" என்ன காரணத்தால் ஊர் ஊராக ஓடியது? பாட்டு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் மாணவர்கள் தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போனார்கள். மாயவரத்துப் பக்கத்து ரயில். அந்த ரயிலும் பிளாட்பாரமும் கதைக்கு வெறும் திரைச்சீலையாக இல்லாமல், பேசாத காதலுக்கு வேண்டிய இடத்தையும் நேரத்தையும் கொடுத்தன. தினமும் ஒரே வண்டியில் போகிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு மௌனம் வாய்க்கும். பார்த்த பையன்கள் எல்லோரும் ஏதோ ஒரு ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ காத்து நின்றவர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். 2025 ஜூலையில் ஸ்ரீகணேஷ் இயக்கிய "3 பி.எச்.கே." வந்தது. சரத்குமார் அப்பா, தேவயானி அம்மா, சித்தார்த் மகன், மீதா ரகுநாத் மகள். வாடகை வீட்டில் இருக்கும் நடுத்தரக் குடும்பம் சென்னையில் சொந்த வீடு வாங்கப் பாடுபடுகிறது. பணம் சேரும், கல்லூரிக் கட்டணம் என்று கரையும். மறுபடி சேரும், வைத்தியம், கல்யாணம் என்று மறுபடி கரையும். அதற்குள் வீட்டின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும். கடைசியில் வீடு கிடைக்கிறது.

இந்தப் படத்துக்கு எங்கள் கட்டிடத்திலிருந்து நான்கு குடும்பங்கள் வேளச்சேரிக்குப் போயின. வழக்கமாகச் சினிமாவுக்குப் போகாதவர்கள். மாணவனின் அம்மா அழுதார்களாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்து பாங்குத் தவணைக் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பதினொரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைவிடப் பெரிய பாராட்டை ஸ்ரீகணேஷ் எதிர்பார்க்க முடியாது. மகன் மட்டும் வழக்கம்போல "செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லாக்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

அவனுடைய நிஜ அபிப்பிராயம் இந்த முறையும் தாமதமாகத்தான் வந்தது. "வீடு வாங்கினதோட படம் முடிஞ்சிடுது அங்கிள். எங்க வீட்ல வாங்கினதுக்கு அப்புறம்தானே கதையே ஆரம்பிச்சுது?"

அவன் சொன்ன கதை எனக்கும் தெரியும்; பக்கத்தில் இருந்து பார்த்தவன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். லிஃப்ட் போயிற்று, மோட்டார் போயிற்று, நல்ல தண்ணீர்த் தொட்டியில் சாக்கடை கலந்தது. பால் பாக்கெட்டுக்காக அவனும் அவன் அப்பாவும் மெயின் ரோடு வரை தண்ணீரில் நடந்தார்கள். பள்ளிக்கரணைப் பக்கம் படகு ஓடிற்று. அந்தச் சதுப்பு நிலத்துக்கு அதற்கு முந்தின வருஷம்தான், 2022-இல், ராம்சார் தகுதி கிடைத்திருந்தது. அதாவது உலகமே காக்க வேண்டிய ஈரநிலம் என்ற அங்கீகாரம். தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள இயற்கை வைத்த தாம்பாளம் அது. தாம்பாளத்தின் விளிம்பை நாலா பக்கமும் வெட்டிக் குப்பை மேடாகவும் ரோடாகவும் கண்ணாடிக் கட்டிடமாகவும் மாற்றியாயிற்று. தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். அந்த மாதமும் தவணை தேதி தவறாமல் கட்ட வேண்டியிருந்தது என்பதைப் பையன் சொல்லும்போது அவன் குரலில் கோபமில்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னான்.

நான் அவனுக்குப் பாலு மகேந்திராவின் "வீடு" படத்தைப் பார்க்கச் சொன்னேன். 1988-இல் வந்தது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை என்ற தேசிய விருதை வாங்கிக் கொடுத்த படம். வேலைக்குப் போகும் ஒரு பெண், தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு, குடியிருக்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததால் வீடு கட்ட ஆரம்பிக்கிறாள். அதில் எதையும் தாண்டவில்லை. நிலம், கடன், அனுமதி, சிமெண்டு எல்லாம் வரிசையாக வருகின்றன. கட்டிட வேலைக்கு வரும் மங்கம்மா கண்டிராக்டரின் திருட்டைப் பிடிக்கிறாள். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க சொக்கலிங்க பாகவதர் தனியாக நடந்து போய், சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே, அந்தக் காட்சிக்கு வசனம் தேவைப்படவில்லை. கடைசியில் அந்த மனை குடிநீர் வாரியம் ஏற்கெனவே கையகப்படுத்திய இடம் என்று தெரிகிறது. படம் அங்கே நிற்கிறது.

பையன் டெலிபோனில்தான் பார்த்தான். மூன்று தவணையில், பஸ்ஸில். "பாட்டே இல்லையே அங்கிள்" என்றது முதல் அபிப்பிராயம். பாட்டில்லைதான், இளையராஜா தம் "ஹவ் டு நேம் இட்" இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் பின்னணியாக வைத்திருக்கிறார். இரண்டாவது அபிப்பிராயம், நாலைந்து நாள் கழித்து: "அந்த ஆபீசர் கெட்டவன் இல்ல. ரூலைச் சொல்றான். அதுதான் பயமா இருக்கு." நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். வில்லன் இல்லாத பயம் என்பது மிகவும் உயர்ந்த ரகத்தைச் சேர்ந்த விஷயம். அதை அகராதியின் உதவியில்லாமல் அவனே கண்டுபிடித்திருக்கிறான். வெள்ளத்துக்கும் வில்லன் இல்லை என்பதை முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தவன் அல்லவா?

"3 பி.எச்.கே."யை மட்டம் தட்டுவதற்காக "வீடு" படத்தை எடுக்கவில்லை. ஸ்ரீகணேஷின் படத்தில் இருக்கும் அன்பு நிஜமான அன்பு. தன்னால் முடியாததை மகன் முடிக்க வேண்டும் என்று தகப்பன் நினைப்பதும், அந்த நினைப்பின் கனத்தில் மகன் கூனுவதும் பொய்யில்லை. ஆனால் சாவி கைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று படம் நம்புகிறது. நம்மையும் நம்பச் சொல்கிறது. மேடவாக்கத்தில், பெரும்பாக்கத்தில், கோவிலம்பாக்கத்தில் சாவி வாங்கிய ஆயிரக்கணக்கான பேர் அந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்திருப்பார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. வடசென்னைக்குப் படங்கள் இருக்கின்றன. "மெட்ராஸ்" 2014-இல் வந்தது, "வட சென்னை" 2018-இல், "சார்பட்டா பரம்பரை" 2021-இல். அந்தத் தெருக்களின் சுவர்களையும் பேச்சையும் உலகமே அறியும். தெற்கே வந்தால் ராமின் "தரமணி" உண்டு, 2017-இல் வந்தது. அதோடு ஏறக்குறைய சரி. தரமணிக்கும் தாம்பரத்துக்கும் நடுவே இத்தனை லட்சம் பேர் புதிதாகக் குடியேறி, தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் காத்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்கள் திரைக்கு எட்டவில்லை. இங்கே கத்தி எடுப்பவர்கள் குறைவு என்பது காரணமாக இருக்கலாம். ரசமற்ற ஊர் என்று டைரக்டர்கள் நினைக்கலாம். எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்து வருஷம் வாழும் ஊரில் என்ன கதை இருக்கும் என்று கேட்கலாம். எனக்கு அந்தக் கேள்வியே ஒரு கதையாகப் படுகிறது. 2025 மே மாதம் வந்த "டூரிஸ்ட் ஃபேமிலி" அதை லேசாகத் தொட்டது. இலங்கையிலிருந்து ஓடி வந்த குடும்பம் ஒன்று சென்னைத் தெருவில் குடியேறி, ஒருவரையொருவர் அறியாத அக்கம்பக்கத்தாரை மனிதர்களாக்குகிறது. கொஞ்சம் சர்க்கரை கூடிவிட்டது என்றாலும் தித்திப்பு தித்திப்புதான்.

"பையன் சினிமாவுக்குப் போவதே பஸ்ஸையும் அரியரையும் மறக்கத்தானே? அங்கேயும் அதைக் காட்டினால் எப்படி?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்ட் 14-ஆம் தேதி "கூலி" வெளியான அன்று எங்கள் மாணவன் காலை ஒன்பது மணிக் காட்சிக்குப் போனான். முன்பெல்லாம் விடியற்காலை நாலு மணிக்கே காட்சி உண்டு. 2023 ஜனவரியில் ஒரு ரசிகர் இறந்துபோன பிறகு தமிழ்நாட்டில் அந்தக் காட்சிகள் நின்றுவிட்டன. வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போய், தொண்டை கட்டிப் போய்த் திரும்பினான். அந்தப் படத்தைப் பற்றி அவன் இன்றுவரை ஒரு நிஜ அபிப்பிராயமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திருவிழாவுக்குப் போய் வந்தவனிடம் தேரின் தச்சு வேலையைப் பற்றி விசாரிப்பதில்லை. அந்த மறதிக்கு அவனுக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் "டிராகன்" அவனுடைய அரியரை எடுத்துக்கொண்டது, "3 பி.எச்.கே." அவனுடைய அப்பாவின் தவணையை எடுத்துக்கொண்டது. எடுத்ததைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்க அவனைவிட உரியவர் யார்? பட முதலாளிகள் தடை கேட்டுப் போக வேண்டிய அவசியமில்லை. ஒரு மாதம் பொறுத்திருந்து, மின்சாரம் போன ராத்திரியாகப் பார்த்து மைக்கை நீட்டலாம்.

அடுத்தபடியாக எதைப் பார்ப்பது என்று சென்ற வாரம் கேட்டான். பாலாஜி சக்திவேலின் "கல்லூரி" என்றேன். 2007-இல் வந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தர்மபுரி அருகே கல்லூரிப் பஸ்ஸுக்குத் தீ வைத்து மூன்று மாணவிகள் எரிந்து போனார்களே, அதை மனசில் வைத்து எடுத்தது. ஆனால் படத்தில் பெரும்பகுதி ஒன்றுமே நடக்காது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் அரசாங்கக் கல்லூரிக்கு வருவார்கள், பேசுவார்கள், ஒருவர் சாப்பாட்டை ஒருவர் சாப்பிடுவார்கள், கல்லூரிக்கும் வீட்டுக்குமாகப் போய் வருவார்கள். அந்தப் போக்குவரத்தில் நமக்கு அவர்கள் வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பஸ். டைரக்டர் எந்த நாட்களைத் தாண்டவில்லை என்பது அப்போதுதான் புரியும்.

"செகண்ட் ஹாஃப் எப்படி?" என்று கேட்டான்.

பார்த்துவிட்டுச் சொல் என்றேன். ஆனால் உடனே பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் அவனுக்கு மேத்ஸ் பரீட்சை.